ஆம்வெட்டி

ஜூன் 3, செவ்வாய்

இன்று உறுதியானது: தம்பி வீட்டைவிட்டுக் கிளம்பி வந்து, ஆபீஸ் மாடியிலுள்ள ஓய்வறையில் தங்கியிருக்கிறான். தகவல் தந்தவள் அவன் மனைவி, காலையில், தொலைபேசியில். பிறகு நானே மாடியேறிப் போய்ப் பார்த்தேன். கட்டிலுக்கு அடியில் பெட்டி, ஜன்னல் கம்பியில் துவைத்துப் போட்ட சட்டை. சந்தேகமில்லை.

காரணம்தான் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை.

"அண்ணி, குடை எங்கேன்னு கேட்டார். உங்க ஆபீஸ்லயே விட்டுட்டேன் போலன்னேன். அதுக்கப்புறம் ஒரு வார்த்தை பேசலை. பெட்டியை எடுத்துட்டார்."

குடைக்காக ஒருவன் வீட்டைவிட்டுப் போவானா?

தம்பியிடம் கேட்டேன். "இது என் வீட்டு விஷயம்க்கா. நிருபரா வந்து நிக்காதே" என்றான்.

"அக்காவாத்தான்டா வந்திருக்கேன்."

"அப்ப அக்காவாவே கீழ இறங்கிப் போ."

இறங்கினேன். ஆனால் விடப்போவதில்லை.

ஜூன் 4, புதன்

கோர்ட்டில் இன்று செய்தி எழுதும்படி வழக்கு ஒன்றும் பெரிதாக இல்லை. யோசிக்க நேரம் கிடைத்தது.

தெரிந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். தம்பி எங்கள் பத்திரிகையின் செய்தி ஆசிரியராகிச் சில மாதங்கள்தான் ஆகின்றன. தனக்குத் துணை ஆசிரியராக அவன் தேர்ந்தெடுத்தது நெட்டையை. வாசல் நிலையில் இடித்துக்கொள்ளாமல் உள்ளே வரத் தெரியாத உயரம். ஆனால் தலைப்பு போடுவதில் கெட்டிக்காரன். அந்த நாற்காலியை எதிர்பார்த்திருந்தவர் தங்கம். 'தங்கமான மனுஷன்' என்று எல்லாரும் சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நாற்காலி கிடைக்காத அன்று அவர்தான் எல்லாருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தார்.

போன வாரம் நெட்டையைத் தம்பி கட்டாய விடுப்பில் அனுப்பிவிட்டான். காரணம் சொல்லவில்லை. இப்போது அந்த நாற்காலியில் தங்கம் உட்கார்ந்திருக்கிறார், தற்காலிகமாக.

இரண்டு சம்பவமும் ஒரு வார இடைவெளிக்குள். தொடர்பு உண்டு என்று எழுத எனக்கு ஆதாரம் இல்லை. இல்லை என்று நம்பவும் முடியவில்லை.

ஜூன் 6, வெள்ளி

தம்பி வாயைத் திறந்தான். திறக்காமலே இருந்திருக்கலாம்.

"அவளுக்கும் நெட்டைக்கும் பழக்கம்" என்றான். கேண்டீனில், காப்பியை ஆற்றிக்கொண்டே, விலைவாசி பற்றிப் பேசுவதுபோல.

அவள் இயன்முறை மருத்துவர். நெட்டைக்குக் கழுத்துவலி. "என் வீட்டம்மாகிட்டப் போ, சரி பண்ணிடுவா" என்று அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்ததே இவன்தான். அவள் செய்த தப்பு ஒன்றே ஒன்று: "அந்தப் பையனுக்கு நல்ல நாற்காலியா மாத்திக் குடுங்களேன்" என்று இரண்டு மூன்று முறை சிபாரிசு செய்தாள். நாற்காலியைத்தான் சொன்னாள் பாவி. இவன் எதையோ கேட்டிருக்கிறான்.

"நீ என்னடா பார்த்தே?"

"ஆஸ்பத்திரி வாசல்ல ரெண்டு பேரும் நின்னு சிரிச்சுப் பேசிட்டிருந்தாங்க. டியூட்டி முடிஞ்சும் அவன் போகலை. வேற இடத்துலயும் ஒண்ணா இருந்தாங்க."

"நீ பார்த்தியா?"

"பார்த்தவங்க இருக்காங்க. குடையை நானே என் கண்ணால பார்த்தேன். மயில்கழுத்து நிறம், மரக் கைப்பிடி. கல்யாண நாளுக்கு நான் தேடி அலைஞ்சு வாங்கினது. அதைப் பிடிச்சுக்கிட்டு நெட்டை மழையில நடந்து போறான்க்கா. மாடி ஜன்னல்ல இருந்து பார்த்தேன்."

பக்கத்தில் யார் இருந்தது என்று கேட்டேன். தங்கம்.

"அவர் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லலை. 'அந்தப் பக்கம் பார்க்காதீங்க சார்'ன்னு ஜன்னலைச் சாத்தினார். தங்கமான மனுஷன்."

வரும் வியாழக்கிழமை வக்கீலிடம் போகிறான். பிரிவு மனுவில் கையெழுத்து. ஆக எனக்கு இருப்பது புதன்கிழமை வரைக்கும்தான்.

ஜூன் 7, சனி

வேறு வேலை வந்து சேர்ந்தது. கலைப் பக்கம் எழுதுபவள் பிரசவ விடுப்பில் போய்விட்டாள். ஊரில் ஒரு குழு பழைய ஐரோப்பியத் துன்பியல் நாடகம் ஒன்றைத் தமிழில் போடுகிறது. ஒத்திகை பார்த்து ஒரு கட்டுரை வேண்டும் என்றார்கள். கோர்ட்டு நிருபருக்கு நாடகம்! சரி, அங்கேயும் குற்றம்தானே என்று போனேன்.

கதை தெரிந்ததுதான். படைத் தளபதி ஒருவன். பதவி கிடைக்காத ஆத்திரத்தில் கூடவே இருந்து கெடுப்பவன் ஒருவன். பாவம் அறியாத மனைவி. கடைசியில் அவளைத் தன் கையாலேயே...

பிளாஸ்டிக் நாற்காலியை மேடைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

கெடுப்பவனாக நடிப்பவர் பல் டாக்டர். ஒத்திகை முடிந்ததும் முகம் துடைத்துக்கொண்டு வந்தார். "வலிக்காதுன்னு சொல்லியே பொழைக்கிறவன் நான். இந்த வேஷத்துக்கு என்னைவிட்டா ஆள் கிடையாது" என்று சிரித்தார்.

"இவ்வளவு பொய்யை அந்தத் தளபதி எப்படிங்க நம்பறான்?"

"அங்கதான் எல்லாரும் ஏமாந்து போறாங்க மேடம். இவன் அதிகமா பொய்யே சொல்றதில்ல. வசனத்தைப் பாருங்க. கேள்வி கேப்பான். பாதியில நிறுத்துவான். 'ஒண்ணுமில்ல, விடுங்க'ம்பான். மீதியைத் தளபதியே முடிச்சுக்குவான். தான் முடிச்ச வாக்கியத்தை எந்த மனுஷனும் சந்தேகப்பட மாட்டான்."

"பொறாமை?"

"அதை வெளியிலேருந்து கொண்டுவர முடியாதுங்க. எல்லார் வாயிலயும் ஒரு சொத்தைப் பல் இருக்கும். எங்கேன்னு தொட்டுக் காட்டிட்டா போதும், அப்புறம் நாக்கு தானா அங்கேயே போயிட்டிருக்கும். முதல்ல பொறாமையில வெந்தவன் இவன்தான். தன் வியாதியை அவனுக்கு ஒட்ட வைக்கிறான். கடைசியா ஒரு சின்னப் பொருளைக் கண்ணுல காட்டறான். கண்ணால பார்த்துட்டேன்னு ஆயிட்டா, அதுக்கு முன்னால கேட்டதெல்லாம்கூடப் பார்த்தது மாதிரி ஆயிடும்."

எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டேன்.

தம்பியின் சொத்தைப் பல் எது? எனக்குத் தெரியும். பல வருஷமாக ராத்திரி வேலை. அவள் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் இவன் ஆபீசில். 'என்னோட அவளுக்கு என்ன சந்தோஷம்' என்று என்னிடமே ஒருமுறை சொல்லியிருக்கிறான். என்னிடம் சொன்னவன் வேறு யாரிடம் சொல்லியிருப்பான்?

ஜூன் 8, ஞாயிறு

கட்டுரை எழுதி அனுப்பினேன். தம்பி அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. படித்தானா என்பதே சந்தேகம்.

ஜூன் 9, திங்கள்

தங்கத்திடம் நானே போனேன். "தம்பி எதுக்கோ கலங்கிப் போயிருக்கான். உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அக்கா, நான் என்னத்தைச் சொல்ல? உங்க குடும்பம். விடுங்க, ஒண்ணுமில்ல."

இதோ, முதல் பாதி. நான் மீதியை முடிக்கவில்லை. சும்மா நின்றேன். பேட்டியில் நான் செய்வது இதுதான்: மௌனத்தை எதிராளி தலையில் போட்டுவிடுவது.

அவரால் பொறுக்க முடியவில்லை. "நாலு பேர் நாலு விதமா பேசறாங்க. ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு பேசிட்டிருந்தாங்களாம். டியூட்டி முடிஞ்சும் பையன் போகலையாம். எனக்கு நம்பிக்கை இல்லக்கா. சாரோட வீட்டம்மா அப்படிப்பட்டவங்களா, சொல்லுங்க?"

பேசிட்டிருந்தாங்களாம். போகலையாம்.

தம்பி என்னிடம் சொன்னபோது இப்படிச் சொல்லவில்லை.

எங்கள் ஆபீசில் தம்பிக்கு இருக்கும் பட்டப்பெயர் 'ஆம்வெட்டி'. மரம்வெட்டி மாதிரி. நிருபர் எழுதும் செய்தியில் 'வந்தாராம்', 'கொடுத்தாராம்' என்று எங்கே இருந்தாலும் அவன் பேனா அங்கே போய் நிற்கும். சொன்னது யார் என்று கேட்பான். ஆள் இருந்தால் 'ஆம்' போய்ப் பெயர் வரும். ஆள் இல்லாவிட்டால் வரியே போய்விடும். உதவி ஆசிரியராக இருந்த நாளிலிருந்தே வந்த இருபது வருஷப் பழக்கம்.

சொந்த வீட்டு விஷயத்தில் 'ஆம்' மட்டும் போயிருக்கிறது. பெயர் வரவில்லை. வரியும் போகவில்லை.

அவன் — தங்கம் — அவர். கோபத்தில் மரியாதையை விடுவது தொழிலுக்கு ஆகாது. ஆனாலும் அடப்பாவி.

ஜூன் 10, செவ்வாய்

குடை எப்படிக் கை மாறியது? இதற்கு மட்டும் 'ஆம்' இல்லாத பதில் வேண்டும்.

நெட்டை வீட்டுக்குப் போனேன். கழுத்துப் பட்டையோடு கதவைத் திறந்தான். என்னைப் பார்த்ததும் கண் கலங்கியது. "அக்கா, நான் என்ன தப்பு பண்ணேன்? ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்க."

"அன்னிக்கு மழையில ஒரு குடை பிடிச்சுட்டுப் போனியே, யாரோடது?"

"தெரியாதுக்கா. தங்கம் சார்தான் குடுத்தார். 'யாரோ விட்டுட்டுப் போனது, நனையாம போ, கழுத்துவலிக்காரன்'னார். மறுநாள் அவர் மேசையிலேயே வெச்சுட்டேன்."

அவனுக்கு அந்தக் குடையின் கதை இன்னும் தெரியவில்லை. நான் சொல்லவும் இல்லை.

பிறகு வரவேற்பு மேசையிலிருக்கும் பெண்ணிடம் கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. "செய்தி ஆசிரியர் சார் வீட்டம்மா வந்தாங்க, சாருக்கு மாத்திரை குடுக்க. போறப்போ மழை விட்டுருந்துச்சு, குடையை மறந்துட்டாங்க. நான் எடுத்து வெச்சேன். தங்கம் சார் வந்து, 'இது நம்ம சார் வீட்டம்மாவோடதுதான், நான் குடுத்துடறேன்'னு வாங்கிட்டுப் போனாங்க."

ஒரே குடை. இவளிடம் 'சார் வீட்டம்மாவோடது.' அவனிடம் 'யாரோ விட்டுட்டுப் போனது.'

போதும்.

ஜூன் 11, புதன்

மதியச் சாப்பாட்டு நேரம். தம்பியின் அறைக் கதவைச் சாத்தினேன்.

"நாளைக்குக் கையெழுத்துப் போடறதுக்கு முன்னால ஒண்ணு. தங்கம் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே சொல்லு. ஒரு எழுத்தும் வெட்டாதே."

"எதுக்குக்கா இதெல்லாம்?"

"சொல்லுடா."

"ஆஸ்பத்திரி வாசல்ல ரெண்டு பேரும் நின்னு பேசிட்டிருந்தாங்க."

"அப்படியா முடிச்சார்?"

வாயைத் திறந்தான். மூடினான். மேசைமேல் கிடந்த பேனாவை எடுத்தான், கீழே வைத்தான்.

"பேசிட்டிருந்தாங்க...ளாம்."

"அடுத்தது?"

"டியூட்டி முடிஞ்சும் அவன் போகலை..." நிறுத்தினான். "போகலையாம்."

"அடுத்தது?"

மூன்றாவதை அவன் சொல்லவில்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

"ஒரு நிருபர் இந்த வரியைக் கொண்டாந்து குடுத்தா என்ன பண்ணுவே?"

"மூஞ்சியில விட்டெறிவேன்" என்றான், கைக்குள்ளிருந்தே. பிறகு கையை எடுத்துவிட்டு, "ஆனா குடை?" என்று கேட்டான். கேட்ட குரலில் பாதி ஆசை, பாதி பயம்.

நான் சொல்லவில்லை. சொன்னால் அதுவும் இன்னொருத்தர் வாய்ச்சொல்தானே. "கீழே வரவேற்பு மேசையில கேளு. அப்புறம் நெட்டைக்குப் போன் பண்ணு. நீயே கேளு" என்று வெளியே வந்துவிட்டேன்.

படிக்கட்டில் அவன் செருப்புச் சத்தம் கேட்டது. ஓடினான்.

ஜூன் 12, வியாழன்

வக்கீல் சந்திப்பு ரத்து. தம்பியே போன் செய்து ரத்து செய்தான். நான் அருகில் இருந்தேன்.

பிறகு தங்கத்தைக் கூப்பிட்டான். ஆசிரியரும் இருந்தார். கத்துவான் என்று பயந்தேன். கத்தவில்லை. "யார் சொன்னது?" என்று மட்டும் கேட்டான், ஏதோ செய்திக்குக் கேட்பதுபோல.

தங்கம் அசரவில்லை. "நான் எப்ப சார் அப்படிச் சொன்னேன்? பேசிட்டிருந்தாங்களாம்னுதானே சொன்னேன். அதை வெட்டினது நீங்க."

இந்த மனிதர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. தம்பி எதை வெட்டுவான் என்று தெரிந்தே அந்த 'ஆம்' ஒன்றை வைத்துக் கொடுத்திருக்கிறார்.

"சரி. குடை?" என்றான் தம்பி. "அது யாருதுன்னு உங்களுக்குத் தெரியும். அவன்கிட்ட என்ன சொல்லிக் குடுத்தீங்க?"

"அது வந்து சார்... மழை..."

பாதியில் நிறுத்தினார். எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இந்தத் தடவை மீதியை யாரும் முடித்துக் கொடுக்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி

காலையில் தம்பி வீட்டுக்குப் போனான். கூட வா என்று கூப்பிட்டான். மாட்டேன் என்றுவிட்டேன். அரை மணியில் திரும்பி, நேராக மாடி ஓய்வறைக்கே வந்தான். பெட்டி கையிலேயே இருந்தது.

சாயங்காலம் நான் அவளைப் பார்க்கப் போனேன். குடையைக் கொண்டுபோனேன், தங்கத்தின் மேசைக்கு அடியில் கிடந்தது. அவள் வாங்கி, விரித்துப் பார்த்து, மடக்கி, மூலையில் சாத்தினாள்.

"எல்லாம் சொன்னார் அண்ணி. அழுதார். யாரோ வத்தி வெச்சதுக்கு நான் கோபப்படலை. இவ்வளவும் மனசுக்குள்ள வெச்சுக்கிட்டு என்கிட்ட கேட்டது 'குடை எங்கே'ன்னு மட்டும்தானே? அந்த இன்னொரு கேள்வியைக் கேக்கவே இல்லையே. கேட்டிருந்தா அடிச்சிருப்பேன், அழுதிருப்பேன், அங்கேயே முடிஞ்சிருக்கும்."

தம்பிக்காகப் பேசத்தான் போனேன். பேசவில்லை. அவள் கேட்பது நியாயம்.

காப்பி கொடுத்தாள். "நெட்டைக்கு அந்த நாற்காலியை இப்பவாவது மாத்துவாங்களா?" என்றாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சிரித்த பிறகு அவள் அழுதாள்.

நிலுவையில் இருப்பவை: நெட்டையின் விடுப்பை ரத்து செய்யும் உத்தரவு நாளை வருகிறது, ஆசிரியர் சொன்னார். தங்கத்தின் மீதான விசாரணை அடுத்த செவ்வாய்க்கிழமை, இதுவும் ஆசிரியர் சொன்னது. தம்பி வீட்டுக்குத் திரும்பலாமா கூடாதா என்பதை ஞாயிற்றுக்கிழமை சொல்வாளாம்.

இல்லை. வெட்டுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்று அவளே, வாசல்வரை வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.