தம்பியின் பழைய ரிப்போர்ட்

மார்ச் 4

காலையிலேயே லேபில் ஒரு இயந்திரம் மக்கர். அது முடிவதற்குள் தம்பி வந்து நின்றான். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான உடற்கட்டுப் போட்டியில் கலந்துகொள்கிறானாம், ரத்தப் பரிசோதனை கேட்கிறார்களாம். சட்டைக் கை புஜத்துக்கு மேல் ஏறவில்லை, கழற்றிவிட்டே உட்கார்ந்தான். வரவேற்பில் இருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அவனுக்கு அதில் சந்தோஷம். எனக்கு எரிச்சல்.

மாலையில் அம்மாவின் போன். தம்பி மனைவிக்கு 19ஆம் தேதி ஆபரேஷன். வயிற்றில் துளை போட்டு, ஏன் குழந்தை உண்டாகவில்லை என்று பார்ப்பார்கள். "அவன் உடம்பைப் பாரு, மலை மாதிரி இருக்கான். கோளாறு அவகிட்டத்தான்." மகள் உயிர்வேதியியல் படித்தவள் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொள்கிற அதே அம்மா. வாதாடவில்லை. வாதாடி எந்தக் காலத்தில் ஜெயித்தேன்?

மார்ச் 5

சிவப்பணு விகிதம் 58, ஐம்பதைத் தாண்டக் கூடாது. இயந்திரத்தைத் திட்டிவிட்டு மறுபடி ஓட்டினேன். 58. நல்ல கொழுப்பு 14, நாற்பதாவது வேண்டும். கல்லீரல் எண்களும் ஏறியிருக்கின்றன. ரத்தமா இது, பாகு. இதை வைத்துக்கொண்டு மேடையில் மூச்சைப் பிடித்து நிற்கப் போகிறானா?

போன் செய்தேன். "புரோட்டீன் பவுடர்தான்க்கா."

புரோட்டீன் பவுடராம்! யார் காதில் பூ சுற்றுகிறான்?

மார்ச் 7

ஒப்புக்கொண்டான். ஒன்றரை வருடமாக வாரத்துக்கு இரண்டு ஸ்டீராய்டு ஊசி. போட்டுவிடுவது ஜிம் கோச்.

"அவர் டாக்டரா?"

"அனுபவம் இருக்குக்கா."

"குழந்தை வேணும்னு அலையறவன் இதைப் போடுவானாடா?"

"ஆம்பள ஹார்மோன்தானே? கூடுனா நல்லதுதானே?"

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. வெளியிலிருந்து கொட்டினால் உடம்பு தன் பட்டறையை இழுத்து மூடிவிடும். உள்ளே விந்தணு உற்பத்தியாவது நின்றே போகலாம் என்றேன். "எனக்குத்தான் டெஸ்ட் நார்மல்னு வந்துச்சே?" வந்தது. இரண்டு வருடம் முன்பு, ஊசிக்கு முன்பு. அந்தக் காகிதத்தைத்தான் அவர்கள் டாக்டர் இன்னும் கோப்பில் வைத்திருக்கிறார். மறுபடி எடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. மலை மாதிரி இருக்கிறவனிடம் யார் கேட்பார்கள்? ஊசியும் ஸ்கேனும் பத்தியமும் எல்லாம் அவன் மனைவிக்குத்தான்.

மார்ச் 11

விந்து மாதிரி கொடுத்தான். நான் பார்க்கவில்லை, அக்கா பார்க்கிற விஷயமா அது? டெக்னீஷியன் மூன்று தடவை பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: "ஒண்ணுகூட இல்லைங்க."

மார்ச் 12

மனைவியிடம் சொல்லிவிடு என்றேன். சொல்கிறானாம் — போட்டி முடிந்ததும். போட்டி 22ஆம் தேதி. ஆபரேஷன் 19.

தேதிகளைக் கூடவா நான் அவனுக்குக் கூட்டிக் கழித்துக் காட்ட வேண்டும்?

மார்ச் 15

தம்பி மனைவி போன் செய்தாள். மயக்க மருந்து கொடுத்தால் எத்தனை மணி நேரத்தில் தெளியும், மறுநாள் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்க முடியுமா என்று கேட்டாள். "பயமாத்தான் இருக்கு அண்ணி. ஆனா என்ன கோளாறுன்னாவது தெரிஞ்சிடும்ல?"

நான் மயக்க மருந்தைப் பற்றி மட்டும் பேசினேன். விவரமாக, மூன்று நிமிடம். என்ன படித்து என்ன?

மார்ச் 17

ஜிம்முக்கே போனேன். சுவரெல்லாம் கண்ணாடி, ஒவ்வொன்றிலும் ஒரு தம்பி. கோச் சிரித்துக்கொண்டே வந்தார். "என்ன மேடம், நீங்களும் சேர்றீங்களா?"

"சேரத்தான் வந்தேன். ஊசி எந்தக் கையில போடுவீங்க?"

சிரிப்பு போய்விட்டது. தம்பி என்னை வாசலுக்கு இழுத்து வந்தான். "மானத்த வாங்காதக்கா."

"உன் ரிப்போர்ட்ட யாருக்கும் காட்ட மாட்டேன். அது என் வேலைக்கு அழகில்ல. ஆனா அவ என்கிட்ட 'பண்ணிக்கட்டுமா'ன்னு கேட்டா, வேண்டாம்பேன். ஏன்னு கேட்டா, உன் புருஷனக் கேளும்பேன்."

"அவ சிரிப்பாக்கா. இவ்வளவு உடம்ப வச்சுக்கிட்டு..."

அதுதான் பயமா? அவள் சிரித்துவிடுவாள் என்பதா? நாற்பத்திரண்டு வயது!

மார்ச் 18

அவள் கேட்கவில்லை. நானும் அழைக்கவில்லை.

மார்ச் 19

ஆஸ்பத்திரியில் சம்மதப் படிவத்தில் கணவன் கையெழுத்து கேட்டார்களாம். பேனாவை வாங்கியவன் கால்மணி நேரம் அப்படியே நின்றானாம். நர்ஸ் இரண்டு முறை இடத்தைத் தொட்டுக் காட்டினாளாம். அப்புறம் நடைபாதையில் வைத்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான்.

அவள் சிரிக்கவில்லை. கையில் ஒட்டியிருந்த ஊசிக்குழாயை எடுக்கச் சொல்லிவிட்டு, நேரே என் வீட்டுக்கு வந்தாள். தண்ணீர் கொடுத்தேன், தொடவில்லை.

"உங்களுக்கு எப்ப தெரியும் அண்ணி?"

"எட்டு நாளா."

"முந்தாநாளு, ஆபரேஷனுக்கு முன்னாடி நான் தலைகுளிக்கறதா வேண்டாமான்னுகூட உங்களுக்கு மெசேஜ் பண்ணிக் கேட்டேன்."

ஆமாம். பதிலும் போட்டிருந்தேன்.

மார்ச் 22

போட்டிக்குப் போகவில்லையாம். அம்மாவிடம் அவனே சொன்னானாம். அம்மா எனக்குப் போன் செய்து, "மெஷின் தப்பா காட்டியிருக்குமோ?" என்றாள். போனை வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 2

ஹார்மோன் டாக்டர் எழுதிக்கொடுத்தபடி தம்பிக்கு இன்று மறுபரிசோதனை. ஊசியை நிறுத்தியதில் தோள் இறங்கிவிட்டது, நடுவில் இரண்டு மாதம் யாரிடமும் பேசாமல் கிடந்தான். இன்று பொது வரிசையில் உட்கார்ந்து, முறை வந்தபோது எழுந்தான். சிவப்பணு 49.

ரிப்போர்ட் வாங்க அவள் வந்தாள். கவுன்டரில் நின்றே படித்தாள்.

"எண்ணிக்கை மிகக் குறைவுன்னு போட்டிருக்கே. என்ன அர்த்தம்?"

"பூஜ்யம் இல்லைன்னு அர்த்தம். ஆரம்பிச்சிருக்கு. நாளாகும், உறுதியும் சொல்ல முடியாது."

தாளை நான்காக மடித்துப் பையில் வைத்தாள். வெளியே அவன் வண்டியைக் கிளப்பி வைத்துக் காத்திருந்தான். அவள் அந்தப் பக்கம் பார்த்துக் கையசைத்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"ரொம்ப தேங்க்ஸ் மேடம்."