நடுவில் நின்ற வழுக்கை

அன்பு மகளுக்கு,

இன்று முழுச் சந்திரகிரகணம். மாடியில் நின்று, நிலா ஏன் சிவந்தது என்று உன் அம்மாவிடம் கேட்டுத் தொலைத்தேன். அவள் கீழே கூட்டிவந்து, டார்ச்சைச் சூரியனாக்கி, என் வழுக்கையைப் பூமியாக்கி, சுவர்க் கடிகாரத்தை நிலாவாக்கினாள்.

"வெளிச்சத்த மறைக்கறது நீங்கதான். ஆனா பூமியச் சுத்தியிருக்கற காத்து கொஞ்சம் சிவப்பு வெளிச்சத்த வளைச்சு அனுப்பிடும். என் மககிட்டருந்து அதுகூட வரலயே" என்றாள்.

என்னோடு சண்டைபோட்டுப் போன நீ அவளுக்கு எழுதிய மூன்று கடிதங்களும் என் ஸ்பானர் பெட்டியில் கிடந்தன. படித்தால் உன்னிடமே வந்துவிடுவாளோ என்ற பயம். எட்டாம் வகுப்போடு நின்றுபோன மூளைக்கு வேறென்ன தோன்றும்?

எடுத்துக் கொடுத்துவிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறாள். கிரகணம் விட்டுவிட்டது, கதவு திறக்கவில்லை. இப்போது சூட்கேஸை இழுக்கும் சத்தம் கேட்கிறது.

அவள் புறப்பட்டால், வாசலில் குறுக்கே நிற்க மாட்டேன்.

உன் அப்பா,
வழுக்கைப் பூமி