சீட் வரவில்லை

ஐப்பசி, செவ்வாய் இரவு.

கிணற்றில் கச்சா எண்ணெயோடு மேலே வரும் உப்புத்தண்ணீரைத் திரும்பப் பூமிக்குள் தள்ளுவதுதான் எங்கள் பம்பின் வேலை. இன்று அது மறுபடியும் தள்ளவில்லை. கழற்றிப் பார்த்தால், போன வாரம் நான் போட்ட புது வால்வு அரித்துப்போயிருந்தது. அது உட்காரும் சீட்டில் பள்ளம். எந்த வால்வைப் போட்டாலும் இதே கதிதான். சீட் கேட்டால் வால்வையே அனுப்புகிறார்கள்.

"இருக்கறத வச்சு ஓட்டுப்பா" என்கிறார் கான்ட்ராக்டர்.

உப்புத்தண்ணீர் தேங்கும் தொட்டி விளிம்புவரை நிரம்பிவிட்டது. வழிந்தால் பக்கத்து வயலுக்குத்தான் போகும். சம்பா நட்டு, இப்போதுதான் பச்சை பிடித்திருக்கிறது.

சாயங்காலம் வயல்காரர் செல்வராசு ஒரு வாளியோடு வந்தார். உள்ளே சாணிக் கரைசல்.

"எங்க பம்புசெட்டுல ஃபுட் வால்வு ஒழுகுனா இதத்தாங்க ஊத்துவோம். கப்புனு பிடிச்சுக்கும். இதுலயும் ஊத்திப் பாருங்களேன்."

"இதுல பிரஷர் ஜாஸ்திங்க. நிக்காது."

"அப்ப நீங்க என்னதாங்க ஊத்துவீங்க?"

பழைய சீட்டின்மேலேயே இன்னொரு வால்வைப் போட்டு மூடினேன். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். போகும்போது வாளியைப் பம்புக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போனார்.

இப்போது மழை பிடித்துக்கொண்டது. தொட்டிக்கு மேலே கூரை கிடையாது.