ஞாயிறுதோறும் என் நிழற்கூடம்

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்டால் "உனக்கெதுக்கு" என்பாய். இருந்தாலும் கேட்கிறேன். போனை எடுப்பதில்லை என்ற முடிவோடு இருக்கிறாய், அதனால்தான் இந்தக் கடிதம்.

கடற்கரைப் பூங்காவின் பெரிய நிழற்கூடத்தை எல்லா ஞாயிறுக்கும் முன்பதிவு செய்து வைத்திருப்பது நீதானே? சில வாரமாக அப்பாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய், வாசலோடு திரும்பி வருகிறேன். "வருஷம் பூரா ஒரே ஆள் எடுத்துட்டாங்கம்மா. தனியாதான் வருவாங்க. அத்தனை மேஜைக்கும் நடுவுல உக்காந்து ஆரஞ்சு உரிப்பாங்க. தோல் அறுபடாம ஒரே சுருளா வரும், நானே நின்னு வேடிக்கை பார்ப்பேன்" என்றார் காவலாளி. நம் வீட்டில் அப்படி உரிக்கத் தெரிந்தவள் ஒருத்திதான்.

கண் ஆபரேஷன் சரியாக வரவில்லை. அப்பாவுக்கு இப்போது வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் தெரிகிறது. கடல் காற்றும், பிள்ளைகள் பந்து விளையாடுகிற கூச்சலும்தான் அவருக்கு வாரம் முழுவதற்கும் தெம்பு. மற்ற நிழற்கூடங்களுக்கு மணலில் இறங்கிப் போக வேண்டும். நாற்காலி போவது இது ஒன்றுக்குத்தான். என்மேல் கோபம் என்றால் என்னைத் திட்டு அக்கா. அவரை ஏன் வீட்டுக்குள் அடைக்கிறாய்?

நீ தைத்து அனுப்பிய சட்டை கச்சிதமாக இருக்கிறது. விரும்பிப் போட்டுக்கொள்கிறார்.

அன்புடன்,
சின்னவள்


பிப்ரவரி 14

சின்னவளுக்கு,

நானேதான். இதைக் கண்டுபிடிக்க இவ்வளவு நாளா? மருந்துக்கடையில் டாக்டர்களின் கிறுக்கலையெல்லாம் படிக்கிறவளுக்கு இது ரொம்ப மெதுவு.

ஆஸ்பத்திரி வராந்தாவை நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை. அப்பாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன் என்று யாரோ சொல்லிக் கேட்டு, தைக்க வெட்டிய துணியைக் கட்டிங் டேபிளில் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். வார்டு கதவில் நீ. "அப்பா தூங்கறார். யாரும் பார்க்கக் கூடாதாம். போக்கா, அப்புறம் வா" என்றாய். பக்கத்து வீட்டுக்காரர் உள்ளே போனார். அப்பாவின் பழைய கூட்டாளி போனார். பெற்ற மகள் மட்டும் வெளியே. தரை துடைக்க வந்த ஆயா, "தள்ளி நில்லுங்க, தரை ஈரம்" என்று விரட்டுகிற வரைக்கும் நின்றேன்.

புருஷனை விட்டுவிட்டு வந்தவள் என்று அப்பாவுக்குக் கோபம் இருந்தது நிஜம். அது தணிந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. இல்லையென்றால் என் கையால் தைத்த சட்டையை வருஷா வருஷம் போடுவாரா? நடுவில் நந்தி மாதிரி நிற்பது நீதான்.

ஞாயிறு காலை நீ வாசலில் காவலாளியிடம் கெஞ்சுவதையும் நாற்காலியைத் திருப்புவதையும் உள்ளே இருந்து பார்த்துக்கொண்டே ஆரஞ்சு சாப்பிடுகிறேன். அப்பா திரும்பிப் போவது மட்டும் உறுத்துகிறது. அதற்காகப் பழத்தின் தித்திப்பு குறைந்துவிடவில்லை. வாசலோடு திரும்புவது எப்படி இருக்கும் என்று நீயும் தெரிந்துகொள்.

பெரியவள்


மார்ச் 1

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டு வாங்கிக்கொண்டேன். போதாது என்றால் இன்னும் எழுது.

வருகிற பதினேழாம் தேதி, ஞாயிறு, அப்பாவுக்கு எழுபத்தைந்து முடிகிறது. என்ன வேண்டும் என்று கேட்டேன். "அலைச் சத்தம் கேக்கற மாதிரி கொஞ்ச நேரம் உக்காரணும், வேற என்ன" என்றார். அந்த ஒரு நாள் மட்டும் விட்டுக்கொடு. பதிலுக்கு என்ன கேட்டாலும் செய்கிறேன். கேள்.

சின்னவள்


மார்ச் 5

சின்னவளுக்கு,

என்ன கேட்டாலும் என்று எழுதியிருக்கிறாய். பின்வாங்கக் கூடாது.

அப்பாவை நீ நிழற்கூடம் வரைக்கும் தள்ளிக்கொண்டு வா. என் பக்கத்தில் விட்டுவிட்டுப் பேசாமல் போய்விடு. வேலிக்கு வெளியே, சைக்கிள் ஸ்டாண்ட் பக்கம் நில். அங்கே நிழல் கிடையாது, பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். வெயில் உச்சிக்கு வருகிற வரைக்கும் நின்று, நானும் அப்பாவும் பேசிச் சிரிப்பதைக் கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து பார். நான் கையைக் காட்டினால் உள்ளே வா.

நான் வருவதை அவரிடம் முன்னாலேயே சொல்லாதே. போனில் நம் இரண்டு பேர் குரலும் ஒன்றுதான் என்று அத்தை எப்போதும் குழம்புவாள். அப்பா குழம்ப மாட்டார். முதல் வார்த்தையிலேயே "பெரியவளே" என்பார். அந்த முகத்தை நான் பார்க்க வேண்டும், நீ அதைக் கிட்டத்தில் பார்க்காமல் போக வேண்டும்.

பெரியவள்


மார்ச் 9

அக்காவுக்கு,

சரி. நிற்கிறேன்.

ஒன்றே ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். நீயாக யார் என்று சொல்லாதே. அவராகவே கண்டுபிடிக்கட்டும். அவர் கண்டுபிடிக்காவிட்டால் அப்படியே விட்டுவிடு. ஏன் என்று கேட்காதே.

சின்னவள்


மார்ச் 20

சின்னவளுக்கு,

உன் கடைசிக் கடிதத்தைப் படித்துவிட்டுப் பொறாமை என்று நினைத்தேன். நன்றாகச் சிரித்தேன்.

நீ வேலியைத் தாண்டிப் போனதும், "காத்து நல்லாருக்காப்பா?" என்று கேட்டேன். "நல்ல இடமாத்தான் புடிச்சிருக்க சின்னவளே" என்றார்.

அதனாலென்ன, ஆரஞ்சை உரித்துச் சுருளைக் கையில் கொடுத்தால் தெரிந்துவிடும் என்று உரிக்க ஆரம்பித்தேன். சின்ன வயதில் அதைக் காதில் மாட்டிக்கொண்டு எனக்கு வேடிக்கை காட்டியவர்தானே. உரித்து முடிக்கும்போது கேட்டார்:

"நாம இங்க வர்றது பெரியவளுக்குத் தெரியாதில்ல?"

"தெரியாதுப்பா."

"தெரிய வேணாம். ஆஸ்பத்திரியில நான் சொன்ன மாதிரியே அவளை வாசலோட அனுப்பினியே, அதுக்கு உனக்குக் கோயில் கட்டணும். நான் செத்தாலும் அவ வரக் கூடாது. எனக்கு வாக்குக் குடுத்திருக்க, ஞாபகம் இருக்கட்டும்."

"சரிப்பா" என்றேன். அவர் சுளைக்கு வாயைத் திறந்தார். ஊட்டினேன்.

தோல் என் மடியில் ஒரே சுருளாகக் கிடந்தது. அதை அவர் உள்ளங்கையில் வைத்தால் போதும். பிறந்தநாள் பரிசாகக் கொடுத்து, அவர் முகம் போகிற போக்கைப் பார்த்து வயிறு குளிர்ந்திருக்கலாம். அவர் கை வரைக்கும் கொண்டுபோய்விட்டேன். அப்போது காலரைத் தடவிக்கொண்டு சொன்னார்:

"இந்தச் சட்டை வாங்கற கடையை மட்டும் மாத்திடாத. காலரை இப்படி உக்கார வைக்க இன்னிக்கு எவனுக்கும் தெரியல."

கடையில் வாங்கியது என்றா சொல்லி வைத்திருக்கிறாய்? அங்கேதான் எனக்குச் சிரிப்பு வந்தது. நீ கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாயே, அந்தச் சிரிப்பு. தோலைப் பிய்த்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, மிச்சச் சுளைகளையும் ஊட்டினேன். பிறகுதான் உனக்குக் கையைக் காட்டினேன். நீ வந்தபோது நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை. வெயிலில் சிவந்து போயிருந்ததைப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்று பயம்.

உன்னை யார் நடுவில் நிற்கச் சொன்னது? அவர் மேல் வர வேண்டிய கோபத்தையெல்லாம் உன் தலையில் வாங்கிக்கொண்டு, என் தையல் என்று தெரிந்தே சட்டையைப் போடுகிறார் என்று என்னையும் நம்பவைத்துக்கொண்டு! ஆசை தீரப் பழி வாங்கினேன் என்று இருந்தேன். அதுவும் தப்பான ஆள் மேல் என்று ஆக்கிவிட்டாய். இதற்காக உன்னோடு நேரில் ஒரு சண்டை பாக்கி இருக்கிறது.

நிழற்கூடத்தை உன் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டேன். ஞாயிறுதோறும் அவரைக் கூட்டிக்கொண்டு போ. நான் வர மாட்டேன்.

அப்பாவை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதும் இல்லை. ஆனால் சட்டை வழக்கம்போல் வரும். கடையில் வாங்கியது என்றே சொல். அவர் போகிற நாள் வரைக்கும் என் தையல் அவர் கழுத்தைச் சுற்றியே கிடக்கட்டும். தடவித் தடவிப் பாராட்டட்டும். யார் தைத்தது என்று அவருக்குத் தெரியவே கூடாது. எனக்கு வேண்டிய பழி அதுதான், அதை நீ கெடுத்துவிடாதே.

அவர் தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்கிற சாக்கில் தோளை அளந்து பார்த்தேன். இளைத்துவிட்டார். அடுத்த சட்டையில் இரண்டு விரல் குறைத்துத் தைக்கிறேன். போன் செய், எடுக்கிறேன்.

உன் அக்கா