பிஸ்தா யாரைக் கூப்பிடுகிறது

காரைக்கால்
9 ஜனவரி 2025

ரஹ்மத்துன்னிசா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அத்தாவும் நீங்களும் நல்ல சுகத்தோடு இருக்க துஆ செய்கிறேன். இங்கே நானும் ஆதிபும் மாமியாரும் நலம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று தோன்றலாம். அத்தா போனை எடுத்தாலே ஸ்பீக்கரில்தான் போடுவார். சில விஷயங்களை அவர் காதில் போட எனக்கு விருப்பமில்லை. அவர் காதர்பேட்டை கடைக்குப் போன பிறகுதான் நம் தெருவுக்குத் தபால்காரர் வருவார் என்பது எனக்குத் தெரியும்.

பிஸ்தாவைப் பற்றித்தான் எழுதுகிறேன். அம்மா குஞ்சிலிருந்து வளர்த்த சாம்பல் கிளி அது. உப்பு, டீ, பட்டர் ஃப்ரூட் எதுவும் கொடுக்கக் கூடாது. நான்-ஸ்டிக் சட்டி தீய்ந்தால் வரும் புகை அதற்கு விஷம். சூரியகாந்தி விதையைக் கொஞ்சமாக வையுங்கள், கேட்கிறதே என்று அள்ளிப் போடாதீர்கள். கூண்டு அம்மா வைத்த இடத்திலேயே, கிழக்கு ஜன்னல் பக்கமே இருக்கட்டும்.

போன வெள்ளிக்கிழமை அத்தா அனுப்பிய வீடியோவில் அது உங்கள் தோளில் உட்கார்ந்திருந்தது. அம்மா தோளுக்கு வர அதற்கு இரண்டு வருஷம் ஆயிற்று. நீங்கள் வந்து ஏழு மாதம்தான் ஆகிறது. குறையாகச் சொல்லவில்லை. பார்த்தேன், சொல்கிறேன்.

இன்னொன்று. அதற்குப் புதிதாக எந்த வார்த்தையும் சொல்லிக் கொடுக்காதீர்கள். அம்மா போட்டோவுக்கே நிற்க மாட்டார், போனில் குரலைப் பதிந்து வைத்தவர்களும் யாருமில்லை. அவர் குரல் இப்போது பிஸ்தாவிடம் மட்டும்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
அல்ஃபியா


திருப்பூர்
18.1.2025

அல்ஃபியா கண்ணுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உங்க கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. தபால்காரர் என் பேரைச் சத்தமாகப் படித்து, "உங்களுக்குத்தாங்க" என்று கொடுத்தார். இந்த ஊட்டு விலாசத்தில் என் பேருக்கு வந்த முதல் கடிதம் இது. திட்டி எழுதியிருந்தாலும் சந்தோஷமாகத்தான் பிரித்திருப்பேன்.

நீங்க சொன்னது எதுவும் தவறாது. நான்-ஸ்டிக் சட்டியை அண்ணன் ஊட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

தோளில் உட்கார்ந்ததைப் பற்றி எழுதியிருந்தீங்க. நான் கூப்பிடவில்லை கண்ணு. நான் நிக்காஹ் முடிந்து வந்தபோது பிஸ்தா தன் நெஞ்சு முடியை எல்லாம் தானே பிடுங்கிப் போட்டுவிட்டு, உரித்த கோழி மாதிரி மூலையில் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் போனால் கடிக்க வந்தது. எனக்கும் இந்த ஊட்டில் யாரோடு பேசுவதென்று தெரியவில்லை. பனியன் கம்பெனியில் இருபது வருஷம் செக்கிங்கில் இருந்த கை சும்மா இருக்காதே. தெரிந்த கம்பெனியில் பீஸ் வாங்கி வந்து, கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தேன். அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு நாள் அதுவே இறங்கி வந்து நூலை இழுத்தது. இப்போது நெஞ்சு நிறைய முடி வந்துவிட்டது.

உங்க அம்மா குரல் எங்கும் போகவில்லை. தினமும் விடிந்ததும் பிஸ்தா கூப்பிடும்: "ஏனுங்க, எந்திரிங்க, டீ ஆறுது." உடனே உங்க அத்தா, "இதோ எந்திரிச்சுட்டேன்" என்று கண்ணைத் திறக்காமலே பதில் சொல்வார். நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில்தான் நிற்பேன்.

எனக்கு முன்னாடி யாரும் எழுந்துவிடக் கூடாது என்று சீக்கிரம் எழுந்து பார்த்தேன். இந்த ஊட்டில் உங்க அம்மா மைமூன் அக்காவுக்கு முன்னாடி என்னால் எழ முடியவில்லை.

பிரியத்துடன்,
ரஹ்மத்துன்னிசா


காரைக்கால்
11 பிப்ரவரி 2025

ரஹ்மத்துன்னிசா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

சொல்லிக் கொடுக்க வேண்டாம் என்று எழுதியிருந்தேன். அத்தா அனுப்பிய ஆடியோவில் பிஸ்தா, "ஒண்ணுமில்லீங்க, ஒண்ணுமில்லீங்க" என்கிறது. அது அம்மா குரல் இல்லை. உங்கள் குரல். திரும்பத் திரும்பக் கேட்டேன். அம்மா பேச்சு அதில் ஒரு தடவைகூட வரவில்லை.

அத்தாவிடம் கேட்டதற்கு, "ஒரு நாள் கூண்டு மேல துணி கெடந்துச்சு, பிஸ்தா சத்தமே இல்ல, நான் லேட்டா எந்திரிச்சேன்" என்று சிரித்தார். அவருக்கு எதுவுமே புரியாது. எனக்குப் புரிகிறது.

உங்களுக்கு அங்கே எல்லாம் கிடைத்தாகிவிட்டது. வீடு, சமையலறை, அத்தா, அம்மா நட்ட மருதாணிச் செடி வரைக்கும். காலையில் ஒரு நிமிஷம் வருகிற குரலைக்கூட விட்டுவைக்க மாட்டீர்களா? இறந்துபோனவர் மேல் என்ன பொறாமை?

அல்ஃபியா


திருப்பூர்
20.2.2025

அல்ஃபியா கண்ணுக்கு,

ஸலாம். பொறாமைதான். இல்லை என்று எழுத உட்கார்ந்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன்.

உயிரோடு இருக்கிற சக்களத்தி என்றால் சண்டை போடலாம். உங்க அம்மாவைப் பற்றி இந்தத் தெருவில் ஒருத்தர் ஒரு குறை சொல்லவில்லை. சித்ராதேவி டீச்சர் ஊட்டுக்குப் போனால் மைமூன் அக்கா பிரியாணி, தையக்கடைக்குப் போனால் மைமூன் அக்கா கைத்தையல். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். காலையில் உங்க அத்தா அந்தக் குரலுக்குப் பதில் சொல்வதை மட்டும் பொறுக்க முடியவில்லை. ஒரே ஒரு நாள், அவர் என் சத்தத்தில் எழட்டும் என்று துணியைப் போட்டு மூடினேன். போய்க் கூப்பிடலாம் என்று நின்றேன். என்ன சொல்லிக் கூப்பிடுவதென்று வாய் வரவில்லை. அவராகவே திடுக்கிட்டு எழுந்து, என்னைத் தாண்டி, நேராகக் கூண்டுக்குத்தான் ஓடினார். கிளி செத்துப் போச்சோ என்று அவர் முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்தேன். மறுநாளிலிருந்து துணி போடவில்லை. உங்க அம்மா மறுபடி கூப்பிடத் தொடங்கிவிட்டார்.

"ஒண்ணுமில்லீங்க" என்பதை நான் சொல்லித் தரவில்லை. நான் சொல்வது அதன் காதில் விழுந்திருக்கிறது. அதற்கு நான் என்ன செய்ய?

இந்தக் கடிதத்துக்கு நீங்க பதில் எழுதாவிட்டாலும் வருத்தமில்லை. பிஸ்தா மாதுளை நன்றாகச் சாப்பிடுகிறது.

ரஹ்மத்துன்னிசா


காரைக்கால்
14 மார்ச் 2025

ரஹ்மத்துன்னிசா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன்.

நேற்று மாமியாருக்கு அந்த ஆடியோவைப் போட்டுக் காட்டினேன். உண்மையைச் சொன்னால், உங்களைப் பற்றிக் குறை சொல்லத்தான் போட்டேன். அவர் கேட்டுவிட்டு, "யாரு அங்க இப்படி இருமுறது?" என்றார். "ஒண்ணுமில்லீங்க" என்பதற்கு முன்னால் ஒரு சத்தம் வருகிறது. கிளி ஏதோ கத்துகிறது என்று நினைத்திருந்தேன். நீளமான இருமல், கடைசியில் விசில் மாதிரி இழுக்கிறது. அது இருமிவிட்டு, உங்கள் குரலிலேயே "ஒண்ணுமில்லீங்க" என்கிறது. எத்தனை தடவை கேட்டிருந்தால் அது இப்படிப் பிடித்துக்கொண்டிருக்கும்!

அத்தாவிடம் கேட்டேன். "பஞ்சுத் தூசியில வேலை பார்த்த உடம்பும்மா, அப்படித்தான் இருக்கும்னு சொல்றா" என்றார். எனக்கு மனசு ஆறவில்லை. இங்கே ஒரு டாக்டரம்மாவிடம் விசாரித்தேன். சாம்பல் கிளியின் சிறகிலிருந்து வெள்ளைப் பொடி உதிரும், ஏற்கெனவே நெஞ்சு கெட்டவர்களுக்கு அது ஆகாது, மாதக்கணக்கில் இழுத்தால் நுரையீரலே இறுகிவிடும் என்றார்.

டாக்டரைப் பார்த்தீர்களா? என்ன சொன்னார்? தயவுசெய்து எனக்கும் ஒண்ணுமில்லை என்று எழுதாதீர்கள்.

அல்ஃபியா


திருப்பூர்
22.3.2025

அல்ஃபியா கண்ணுக்கு,

டிசம்பரிலேயே பார்த்தேன். நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு அந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "ஊட்டுல புறா, கிளி ஏதாவது இருக்குதுங்களா?" என்பதுதான். இல்லீங்க என்று சொல்லிவிட்டேன்.

ஏன் என்று கேட்பீங்க. அந்தக் கிளி ஊட்டை விட்டுப் போகாதா என்று நான் எத்தனையோ காலையில் நினைத்தவள். டாக்டரும் அதையே சொன்னால் யார் நம்புவார்கள்? நீங்க நம்பியிருப்பீங்களா? சாக்குச் சொல்லித் துரத்துகிறாள் என்றுதான் எழுதியிருப்பீங்க. உங்களை விடுங்க, என்னையே நான் நம்பவில்லை. உடம்புக்காகச் சொல்கிறேனா, வயிற்றெரிச்சலில் சொல்கிறேனா என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அதனால் வாயை மூடிக்கொண்டேன். தினமும் பிஸ்தா மேல் தண்ணீர் தெளிக்கிறேன், பொடி கொஞ்சம் அடங்குகிறது.

இதில் சிரிக்கிற விஷயம், இப்போது அது என்னிடம் வராவிட்டால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

உங்க அத்தாவிடம் சொல்ல வேண்டாம். கிளியா நானா என்று அவர் யோசிக்கிற அந்த ஒரு நிமிஷத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

ரஹ்மத்துன்னிசா


காரைக்கால்
2 மே 2025

அஸ்ஸலாமு அலைக்கும்.

எந்தப் பேரைச் சொல்லித் தொடங்குவதென்று தெரியவில்லை, அதனால் இப்படியே தொடங்குகிறேன்.

பிஸ்தா காரில் ஒழுங்காக வந்து சேர்ந்தது. கரூர் வரைக்கும் கார் ஓட்டிய ஆதிபைத் திட்டிக்கொண்டே வந்தது, அப்புறம் தூங்கிவிட்டது. நான் முன்னறிவிப்பில்லாமல் வந்து நின்று அத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னதற்கு உங்களுக்கு இன்னும் கோபம் இருக்கலாம். நீங்கள் பயந்த அந்த ஒரு நிமிஷத்தை நான் பார்த்தேன். அத்தா யோசிக்கவில்லை. கூண்டைத் தூக்கிக் காரில் வைத்தது அவர்தான். நீங்கள் உள்ளே போய்விட்டதால் பார்க்கவில்லை.

இங்கே வந்ததிலிருந்து பிஸ்தா என் கையில் எதுவும் வாங்குவதில்லை. நான் சின்ன வயசிலிருந்து பார்த்த கிளி. மாதுளையை உரித்து நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அம்மா குரலும் இதுவரை வரவில்லை. உங்கள் மேல் எவ்வளவு எரிச்சலாக இருக்கிறது தெரியுமா? என் அம்மா கிளியை எப்படிச் சாப்பிட வைப்பதென்று உங்களிடம் கேட்க வேண்டியிருக்கிறது. கேட்கிறேன், சொல்லுங்கள்.

ஒரு விஷயத்தை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரமாக யோசித்தேன். சாயங்காலம் ஆனால் அது ஒன்று சொல்கிறது. அத்தா குரலில். "ரஹ்மத்து எங்க? எங்க காணோம்?" கடையிலிருந்து வந்ததும் நீங்கள் வெளியே போயிருந்தால் அத்தா அதனிடம் கேட்டிருப்பார் போல. ஒரே ஒரு தடவை கேட்டதை அது பிடித்துக்கொள்ளாது, உங்களுக்கே தெரியும்.

அத்தா என் அம்மாவை ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏய்" என்பார், இல்லையென்றால் "அல்ஃபியாம்மா." அந்தக் குரலில் மனைவியின் பேர் வருவதை நான் கேட்டதே இல்லை. முதல் நாள் கேட்டுவிட்டு, குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

உங்களிடம் சொல்லாமல் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை.

மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுங்கள்.

அல்ஃபியா


திருப்பூர்
10.5.2025

அல்ஃபியா கண்ணு,

வ அலைக்கும் ஸலாம். உன் கடிதத்தை முதல் தடவை வாசலில் நின்றபடியே படித்தேன். இரண்டாம் தடவை கதவைச் சாத்திவிட்டுப் படித்தேன். கடைசிப் பாகத்தைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. எழுதினால் உனக்கும் கஷ்டம், எனக்கும் வெட்கம்.

பிஸ்தாவுக்கு நீட்டாதே. நீட்டினால் அதற்கு ரோஷம் வரும். மாதுளையை ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டு, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து நீ சாப்பிடு. சத்தம் வருகிற மாதிரி சாப்பிடு. அது இறங்கி வந்து உன் பின்னல் முடியை இழுக்கும். அப்போதும் திரும்பாதே. தோள் பக்கமாக ஒரு முத்தை வை, அவ்வளவுதான். அம்மா குரல் வரும். பழகாத ஊட்டில் அது காலையில் வாய் திறக்க நாளாகும், பயப்படாதே.

எனக்கு மூச்சு இழுப்பு பாதியாகக் குறைந்துவிட்டது. டாக்டர், "பொய் சொன்னீங்களே அம்மா" என்று கோபித்துக்கொண்டார். மாத்திரையில் முகம் கொஞ்சம் ஊதியிருக்கிறது.

உங்க அத்தா இப்போதெல்லாம் தானாகவே எழுந்துவிடுகிறார். எழுந்ததும் ஒரு நிமிஷம் கிழக்கு ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். நான் அந்த ஒரு நிமிஷம் அடுப்படியை விட்டு வெளியே வருவதில்லை. பொறாமை போய்விட்டது என்று நினைக்காதே, அது இருக்கத்தான் இருக்கிறது.

நேற்று நானே அவரிடம் சொன்னேன், "ஒரு தடவை போய்ப் பிஸ்தாவைப் பார்த்துட்டு வாங்க, உங்களுக்கும் கேக்கணும்போல இருக்குமல்ல." முதலில் கடையைச் சொன்னார், அப்புறம் என் உடம்பைச் சொன்னார். மாத்திரை டப்பாவைத் திறந்து காட்டி, நான் பார்த்துக்குவேன் என்றேன். டிக்கெட் எடுத்தாயிற்று. புதன்கிழமை ராத்திரி ரயிலில் ஏறி வியாழன் காலையில் அங்கே வந்துவிடுவார். ஊத்துக்குளி வெண்ணெய் கொடுத்தனுப்புகிறேன், உன் மாமியாருக்குப் பிடிக்கும் என்று சொன்னாயே.

கூண்டு பக்கத்திலேயே அவருக்குப் பாய் போடு. நாலு நாள் இருக்கட்டும். ஆசை தீரக் கேட்கட்டும்.

அதற்கு மேல் வேண்டாம் கண்ணு. இன்னும் இரண்டு நாள் இருங்கத்தா என்று நீ சொன்னால் அவர் இருந்துவிடுவார். சொல்லாதே. திங்கட்கிழமை சாயங்காலம் நீயே கூட்டிப்போய் ரயிலில் ஏற்றிவிடு. இங்கே நான் ஸ்டேஷனுக்கு வந்து நிற்பேன்.

துஆவுடன்,
ரஹ்மத்து