சுவரும் அக்காவும் என் முட்டியும்

மார்ச் 4

தீயணைப்பு நிலையத்தில் இன்றும் போன் எடுக்கும் வேலைதான். மணி அடித்ததும் எல்லோரும் வண்டியில் ஏறிப் போகிறார்கள். நான் முகவரி எழுதிக் கொடுக்கிறேன். வண்டியிலிருந்து அவசரமாகக் குதித்ததில் முட்டித் தசைநார் கிழிந்து, ஆபரேஷன் ஆகி எட்டு மாதம். ஜூனில் தகுதித் தேர்வு. குறித்த நேரத்துக்குள் ஓடி வந்து எம்பிச் சுவரில் ஏறி, மறுபக்கம் குதிக்க வேண்டும். தேறாவிட்டால் நிரந்தரமாக இந்த நாற்காலிதான்.

மார்ச் 9

ஜிம் மாஸ்டர், "பெட்டி மேல குதிச்சுப் பழகுங்க. வெறும் எடை தூக்கினா பலம் வரும், வேகம் வராது" என்கிறார். பிசியோதெரபிஸ்ட்டான என் அக்கா, "பலமில்லாத முட்டிக்கு வேகம் எதுக்குடி? மறுபடி கிழிச்சுக்கிட்டா யாரு பாக்கறது?" என்கிறாள்.

இரண்டு பேர் சொல்வதும் சரி. அதுதான் எரிச்சல். ஒருத்தராவது முட்டாளாக இருந்து தொலைத்தால் என்ன?

மார்ச் 10

கணவரிடம் கேட்டேன். "உனக்கு எது சரின்னு தோணுதோ அது." பெரிய உதவி.

ஏப்ரல் 2

ஒற்றைக் காலில் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தேன், தடுமாறவில்லை. அக்கா ஒருவழியாக மனமிரங்கினாள். முழங்கால் உயரப் பெட்டிக்கு அனுமதி. ஏறும்போது குதிக்கலாம், இறங்கும்போது ஒவ்வொரு காலாக வைத்துத்தான் இறங்க வேண்டும். "இறங்கறப்பதான் முட்டி போகும்." ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். கால் களைத்தால் நிறுத்திவிட வேண்டும். ஜிம் மாஸ்டர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவளைக் கண்டால் அவருக்கும் பயம்.

மே 11

பெட்டி இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டது. முட்டி வீங்கவில்லை. மாடிப்படியில் கால் எனக்கு முன்னால் போகிறது.

ஜூன் 6

தேறவில்லை.

ஒரே எம்பில் சுவர் உச்சிக்குப் போய்விட்டேன். அங்கே — என்ன செய்தேன்? திரும்பி உட்கார்ந்து, ஒவ்வொரு காலாகத் தொங்கவிட்டு, பத்திரமாக இறங்கினேன். இரண்டு மாதப் பழக்கம். மூளை எங்கே போச்சு? தேர்வாளர், "ஏம்மா, பஸ்ல இருந்தா இறங்கறீங்க?" என்றார். நேரம் தாண்டிவிட்டது. தவறியவர்களுக்கு ஜூலையில் ஒரு கடைசி வாய்ப்பு உண்டாம்.

அக்காவிடம் கத்தினேன். "குதிக்கறதுக்குத்தானே தேர்வு? நீ இறங்கக் கத்துக் குடுத்திருக்க." அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஜூன் 7

அக்கா வந்தாள். "ஆஸ்பத்திரில நீ கத்தினது இன்னும் என் காதுல இருக்கு. நீ குதிக்கறதைப் பாக்க எனக்குத் தைரியம் வரல. உன் முட்டி எப்பவோ தயார்டி. நான்தான் தயாரில்ல."

இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? கோபம் போகவில்லை. காபி போட்டுக் கொடுத்தேன்.

ஜூன் 20

இப்போது கீழே குதிக்கும் பயிற்சி. முதலில் ஒரு படி உயரம், பிறகு இரண்டு. முட்டி உள்பக்கம் சாயக் கூடாது, இடுப்பு மடங்க வேண்டும், தொப்பென்று விழக் கூடாது. சத்தம் கேட்டால் மறுபடியும் முதல் படி. "யானையாடி நீ?" அக்காவுக்கு நாள் முழுக்க இதே பாட்டு.

ஜூலை 8

சுவர் தாண்டினேன். நேரத்துக்குள்.

தேர்வாளர் கையெழுத்துப் போட்டதும் வேலிக்கு வெளியே ஓடினேன். அக்கா மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடியபடி நின்றிருந்தாள். தோளைத் தொட்டேன்.

"இன்னும் ஏறலையா நீ?" என்றாள். "விழுந்த சத்தமே கேக்கலியே."