அடங்கலில் என் பேரு

திருக்கழுக்குன்றம் வட்டம்
9-12-2024

புனேவில் இருக்கும் தம்பி வெங்கடேசனுக்கு, உங்க நெலத்துல குத்தகைக்குப் பயிர் வைக்கிற செங்கம்மாள் ஸ்தோத்திரம் சொல்லி எழுதறது. இங்க எல்லாரும் சொகம். உங்க சம்சாரம், கொழந்தைங்க சொகத்துக்கு எழுதுங்க.

உங்கப்பா உசுரோட இருந்தவரைக்கும் ஐயான்னு கூப்பிட்டேன். உங்களைத் தம்பின்னு எழுதறேன். கோவம் வந்தா வரட்டும், எனக்கும் அம்பத்தாறு வயசாவுது.

நாலு தரம் போன் போட்டேன், கட் பண்ணிட்டீங்க. வாட்ஸ்அப்புல அனுப்பும்மான்னா எம் பொண்ணு ஜெனிஃபர். மறைமலைநகர் கம்பெனியில ஷிஃப்ட் முடிச்சு வந்த புள்ள, அதுக்கு அவ்ளோதான் பொறுமை. நான்தான் முடியாதுன்னுட்டு ரிஜிஸ்தர் தபால்ல போடறேன். கையெழுத்துப் போட்டு வாங்கிட்டா பாக்கலைன்னு சொல்ல முடியாது பாருங்க.

விஷயம் இதுதான். புயல்ல ஒன்றரை ஏக்கரும் முழுகிப்போச்சு. கதிர் பால் புடிக்கிற நேரம். அஞ்சு நாளு தண்ணி வடியல. எங்க வூட்டுக்காரரு மோசஸ் இடுப்பு வலியோட மண்வெட்டிய தூக்கிக்கினு போய் வரப்பை வெட்டி வுட்டாரு, ஒண்ணும் ஆவல. இப்போ வயல் பக்கம் போனாலே அழுகல் நாத்தம். வயிறு எரியுது தம்பி.

அடுத்த வியாழக்கெழமை வி.ஏ.ஓ. வயலுக்கே வந்து விசாரிக்கிறாராம். பயிர் வெச்சவங்க பேர்லதான் நிவாரணம். யாரு எந்த வயல்ல பயிர் வெச்சாங்கன்னு எழுதற அடங்கல்ல உங்க வூட்டுப் பேருதான் கீது.

அதுக்குக் காரணம் நானேதான். செங்கம்மா பேரு ஏறிட்டா நெலம் கைவுட்டுப் போயிடும்னு உங்கப்பாவுக்கு பயம். கேட்டா ஐயாதான் பயிர் வைக்கிறாருன்னு சொல்லிடுன்னாரு. பதினோரு வருஷமும், முழங்கால் மட்டும் சேத்துல நின்னுகினு, நானும் அப்படியே சொன்னேன். எழுத வந்தவரு எங்காலைப் பாத்தாரு, ஐயா பேரை எழுதினாரு.

நாலு மாசத்துக்கொரு தரம் சர்க்காரு போடற ரெண்டாயிரம் நெலத்துக்காரங்களுக்குன்னே வர்றது. அதுக்கு நான் என்னிக்கும் ஆசைப்பட்டதில்ல. ஆனா இது அழுவிப்போன பயிருக்கு. வெதை, எரு, நடவுக் கூலி அம்புட்டும் நான் போட்டது. இது வந்தாத்தான் அடுத்த பட்டம் நவரைக்கு வெதை வாங்க முடியும். இல்லேன்னா வயலைத் தரிசாப் போட்டுட்டு ஓட்டலுக்குப் பாத்திரம் கழுவப் போவணும். போவ மாட்டேன்.

உங்க மாமா செல்வராஜ் நேத்து வந்தாரு. சும்மா பேஜாரு பண்ணாத, தம்பி பாத்து ஏதாச்சும் குடுப்பாருன்னாரு. இன்னாத்துக்குப் பாத்துக் குடுக்கணும்? நான் கையேந்தியா நிக்கிறேன்? உங்க நெலமும் எனக்கு வேணாம். நெலம் உங்களுதுதான்னு ஸ்டாம்பு பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டு இதோட வெச்சிருக்கேன், பத்திரமா வெச்சுக்கங்க.

வியாழக்கெழமை கேட்டா, நான்தான் பயிர் வெச்சேன்னு சொல்லப் போறேன். அப்போ இத்தனி வருஷமா பொய்யா சொன்னேன்னு கேப்பாரு. ஆமான்னுதான் சொல்லுவேன். உங்களுக்குத் தெரியாம சொல்றது முறையில்ல, அதான் இந்தக் கடுதாசி.

அவரு உங்களுக்கும் போன் போடுவாரு. எனக்காக நீங்க ஒரு வார்த்தையும் பேச வேணாம். இல்லேன்னு மட்டும் சொல்லிடாதீங்க தம்பி. கர்த்தர் உங்க புள்ளைங்களை நல்லா வெச்சிருப்பாரு.

இப்படிக்கு,
சாகுபடிதாரர்
மோ. செங்கம்மாள்